விபத்து நடந்த நாள்: இந்தக் கட்டத்தில் எதை எழுதுவது?

மீனவர் நிவாரண மனுக்களைப் பரிசீலிக்கும் அதிகாரி அவர்களுக்கு,

எங்கள் ஐந்து பேரின் மனுவும் போன வாரம் திரும்பி வந்தது. ஐந்திலும் ஒரே வரிதான்: "விபத்து நடந்த நாள் குறிப்பிடப்படவில்லை. நோய்க்கு நிவாரணம் இல்லை." கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. ஐந்து பேருடைய எக்ஸ்ரேவும் ஸ்கேன் அறிக்கையும் அந்த உறையைவிட்டு வெளியே எடுக்கப்பட்டதாகவே தெரியவில்லை. நாங்கள் குத்திய ஸ்டேப்ளர் முள் குத்தியபடியே இருந்தது.

உங்கள் அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. முத்திரை போட்டவருக்குத் தெரியும், அது போதும்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரை ஊர்க்காரன். 19 வயதில் சங்கு குளிக்கப் போனேன், 17 வருடம் போனேன். இப்போது வயது 42. இடது இடுப்பில் என்னுடன் பிறந்த மூட்டு இல்லை. உலோகத்தண்டும் பீங்கான் உருண்டையும் இருக்கின்றன. வலது இடுப்பில் எலும்பு இருக்கிறது, அதற்குள் துளை போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு இடுப்புக்கும் என்ன நடந்தது என்று நீங்கள் படித்தாக வேண்டும். படித்துவிட்டு அந்தக் கட்டத்தில் எந்தத் தேதியைப் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

வாப்பா காலத்தில் மூச்சை அடக்கித்தான் குளித்தார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. அப்புறம் மேலே வந்து வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறுவார்கள். எங்கள் காலத்தில் வள்ளத்தில் கம்ப்ரசர் ஏறியது. பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் அதே மிஷின்தான். அதிலிருந்து ஒரு நீள டியூப், வாயில் கவ்விக்கொள்ள ஒரு முனை, இடுப்பில் ஈயம். இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் இறங்கியது எட்டு பாகம், பத்து பாகம். பத்து பாகம் என்றால் 18 மீட்டர். மூச்சு முட்டாததால் மேலே வர அவசியமே இல்லை. காலையில் இரண்டு மணி நேரம், கொஞ்சம் கஞ்சி, மறுபடி ஒன்றரை மணி நேரம். பை நிறைந்ததும் கயிற்றை ஆட்டிவிட்டு நேராக மேலே வந்துவிடுவோம். டியூபுக்காக அடுத்த ஆள் காத்துக்கொண்டிருப்பான்.

அந்த "நேராக மேலே" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 18 மீட்டரில் காற்றின் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் 2.8 மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது, கொழுப்பில் இன்னும் அதிகமாகக் கரைகிறது. மெல்ல ஏறினால் அது மூச்சோடு வெளியே போய்விடும். சட்டென்று ஏறினால், கோலி சோடாவைத் தட்டித் திறந்ததும் பொங்குகிறதே, அதுபோல் உடம்புக்குள்ளேயே குமிழி விடும். கை கால் பிடித்துக்கொள்வதும் மரத்துப்போவதும் அதனால்தான். எங்களுக்கு அது "வாயுப் பிடிப்பு". சூடாக ஒரு டீ, கொஞ்சம் தைலம், மறுநாள் மறுபடி கடல்.

தொடை எலும்பின் மேல்முனை உருண்டையாக, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த உருண்டையின் உள்ளே கொழுப்பு மஜ்ஜை. சுற்றிலும் கெட்டியான எலும்பு ஓடு, அதற்கு வரும் ரத்தக் குழாய்களோ எலும்பின் கழுத்தைச் சுற்றி ஏறும் சில மெல்லிய இழைகள். உள்ளே குமிழி கிளம்பினால் விரிந்துகொடுக்க இடமில்லை. ரத்தம் நின்றுபோகிறது, எலும்பு சாகிறது. வாப்பா கழித்து எறியும் பூச்சி அரித்த சங்கு ஞாபகம் வருகிறது. பார்வைக்கு முழுச் சங்குதான், கையில் தட்டினால்தான் உள்ளே வெறும் துளை என்று தெரியும். செத்த எலும்பும் அப்படித்தான், உடனே உடையாது. மாதக்கணக்கில், சில பேருக்கு வருடக்கணக்கில், சும்மா நிற்கும். நாம் நடக்க நடக்க, உடம்பின் பாரம் தாங்காமல் ஒரு நாள் அமுங்கும். வலி பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

ஆக, எந்த நாளை எழுதுவது? 17 வருடத்தில் எந்த ஏற்றத்தில் அந்தக் குமிழி கிளம்பியது என்று அந்தக் கடலுக்கே தெரியாது.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஆற்றுக்கு அடியில் அழுத்தக் காற்று அடைத்த பெட்டிக்குள் இறங்கிப் பாலத்துக்குத் தூண் போட்டவர்களும் சுரங்கம் தோண்டியவர்களும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பிடிப்பில் மாட்டினார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் கட்டிய தலைமைப் பொறியாளரே அதில் படுக்கையில் விழுந்தவர். மேலே வரும்போது நிறுத்தி நிறுத்தி வரவேண்டும் என்று ஹால்டேன் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டு அட்டவணை கொடுத்தது 1908-இல். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் எல்பே ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை போட்ட தொழிலாளர்களுக்கு மூட்டெலும்பு கெட்டுப்போனதை டாக்டர்கள் எழுதியது 1911 வாக்கில். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அமெரிக்கக் கடற்படையின் பழைய முக்குளிப்பு அட்டவணைப்படி 18 மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தவன் நேராக மேலே வரக்கூடாது. நாங்கள் இருந்தது இரண்டு மணி நேரம். எங்களுக்கு யாரும் அட்டவணை காட்டவில்லை. சங்குக்கு அளவு உண்டு, சின்னதை எடுத்தால் தப்பு என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஆளுக்கு அளவு உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

இனி என் கதை. 2018-இல் இடது கவட்டையில் ஒரு குத்தல். அது முழங்காலுக்கு இறங்கியது. இறங்கியதுதான் வினை. முழங்காலுக்கு இரண்டு தடவை எக்ஸ்ரே எடுத்தார்கள், இரண்டு தடவையும் முழங்கால் நன்றாக இருந்தது. நன்றாகத்தானே இருக்கும்! இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தெரியலாம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. "தேய்மானம் பாய், இந்த வயசுக்கு எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார் ஒருவர். எனக்கு அப்போது வயது 35. இன்னொரு இடத்தில் ஊசி போட்டார்கள். போட்டால் மூன்று வாரம் பறப்பேன், நான்காவது வாரம் மறுபடி போய் நிற்பேன். அது ஸ்டீராய்டு என்பதும், ஸ்டீராய்டு அதிகமானாலும் இதே எலும்பு இதேபோல் சாகும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. என் எலும்பைக் கடல் பாதி கொன்றதா, ஊசி மீதி கொன்றதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒன்று மட்டும் சொல்வேன், அந்த இரண்டரை வருடத்தில் ஒருவர்கூட "என்ன தொழில் செய்றீங்க?" என்று கேட்கவில்லை.

கேட்டவர் ஒரு டாக்டரம்மா. 2021 தொடக்கத்தில், சின்ன வயதுப் பெண். மல்லாக்கப் படுக்கச் சொன்னார், முழங்காலை மடக்கிப் பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினார். அப்படித் திருப்பினால் இடுப்பு மூட்டு உள்பக்கம் முறுகுமாம். நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "கடலுக்குள்ள இறங்குற ஆளா நீங்க?" என்றார். இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தார். மதுரைக்குப் போய்க் கைக்காசைப் போட்டு எடுத்தேன். வலி இருந்தது இடது பக்கம்தான், ஆனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைதான் என் வலது காலைக் காப்பாற்றியது.

படத்தில் இடது உருண்டை ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. வலது உருண்டை வட்டம் கெடாமல் இருந்தது, ஆனால் உள்ளே ஒரு கறுப்புக் கோடு, கடல் வரைபடத்தில் தீவு போட்டிருப்பதுபோல் வளைந்து ஓடியது. அதே வலது இடுப்பின் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியவில்லை. இந்த நோய் தொடங்கும் காலத்தில் எக்ஸ்ரே சுத்தமாகத்தான் இருக்கும், எம்.ஆர்.ஐ. மட்டும்தான் காட்டிக்கொடுக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். நீங்கள் எங்கள் மனுக்களைத் திறந்து பார்த்திருந்தால், என்னுடையதில் இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன்.

இடது பக்கத்துக்கு மூட்டு மாற்றுவதைத் தவிர வழியில்லை. முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்தார்கள். வலி இல்லை, சத்தம் மட்டும் கேட்டது. வள்ளம் கட்டும் கொட்டகையில் படுத்திருப்பதுபோல் இருந்தது. ரம்பம், சுத்தியல், துரப்பணம். கெட்ட உருண்டையை வெட்டி எடுத்தார்கள், கிண்ணத்தைக் கடைந்து உலோகக் கிண்ணம் பதித்தார்கள், தொடை எலும்புக்குள் தண்டு இறக்கி அதன் தலையில் புது உருண்டையைப் பொருத்தினார்கள். இந்த மாதிரி அறுவையை இங்கிலாந்தில் சார்ன்லி என்ற டாக்டர் 1962-இல் நிலைப்படுத்தினாராம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் வயதானவர்களுக்கென்று யோசித்த வைத்தியம் அது. 38 வயதுக்காரனுக்கு வைத்தால் என்ன கணக்கு? நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம், அதற்கு மேலும் வரலாம் என்றார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் அறுபதுக்குள் எனக்கு இன்னொரு அறுவை காத்திருக்கிறது. இரண்டாவது தடவை முதல் தடவையைவிடச் சிக்கலாம்.

வலது பக்கம் வேறு வைத்தியம். தொடையின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு கீறல். அங்கிருந்து எலும்பின் கழுத்து வழியாகச் செத்த இடம் வரைக்கும் விரல் பருமனுக்குக் குறைவான ஒரு துளை போட்டார்கள். உள்ளே அடைபட்ட அழுத்தம் இறங்கும், அந்த வழியாகப் புது ரத்தக் குழாய் முளைக்க வாய்ப்புண்டு. என் இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து அதற்குள் விட்டார்கள். ஆறு வாரம் அந்தக் காலில் பாரம் போடாமல் கட்டை ஊன்றி நடந்தேன். எல்லாருக்கும் இது பலிக்காது, உருண்டை அமுங்கிய பிறகு அனேகமாகப் பலிக்கவே பலிக்காது என்றார்கள். எனக்கு நான்கு வருடமாக நிற்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஒரே உடம்பு, ஒரே கடல், ஒரே 17 வருடம். முன்னாலேயே பார்த்த பக்கம் என் எலும்போடு இருக்கிறது. பிந்திப் பார்த்த பக்கம் போய்விட்டது. இதைவிட வேறு என்ன சாட்சியை நான் உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவர முடியும்?

நன்றி சொல்லவேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். இரண்டு அறுவையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் நடந்தன. அந்த அட்டை இல்லையென்றால் உம்மாவின் வீடு போயிருக்கும். ஆனால் அட்டை ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது. எனக்கு எம்.ஆர்.ஐ. செலவு அதற்கு முன்னால் வந்தது, வருமானம் இல்லாத காலம் அதற்குப் பின்னால் வந்தது. தரையில் உட்காராதே, குந்தாதே, பாரம் தூக்காதே, கடலில் இறங்காதே என்றார்கள். சரி. அப்படியானால் எங்கள் ஊரில் வேறு என்ன இருக்கிறது? வலை பின்ன உட்காரவேண்டும், கருவாடு காயப்போடக் குனியவேண்டும். பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத் தொழுகிறேன். கந்தூரியில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிடும்போது, எனக்கு மட்டும் தட்டில் போட்டு நாற்காலிக்கு அனுப்புகிறார்கள். அன்பாகத்தான் அனுப்புகிறார்கள். அந்தத் தட்டுச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

மனுவைக் கொடுக்க வந்த அன்று உங்கள் ஊழியர் ஒருவர் சொன்னதையும் எழுதியாகவேண்டும். "குடிச்சா இப்படித்தான் எலும்பு போகும்" என்றார். நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஐந்து பேரில் ஒருவர் குடிப்பவர்தான், மறைக்கவில்லை. நிறையக் குடிப்பதும் இந்த நோய்க்குக் காரணமாகலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அவரும் எங்களோடு அதே பத்து பாகத்தில் அதே டியூபைக் கவ்வியிருந்தார். அவருக்குக் கெட்டது தோள் மூட்டு. சட்டை போடக் கையைத் தூக்க முடியவில்லை. குமிழியால் எலும்பு சாகும் குளியாளிகளுக்குத் தோள்மூட்டும் அடிக்கடி கெடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சாராயக் கதையைச் சொல்வதற்கு முன்னால் அவர் தோளின் படத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

சட்டத்தில் இடமில்லை என்கிறீர்கள். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த, 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றாவது அட்டவணை, 'அ' பகுதி, இரண்டாவது வரி: அழுத்தக் காற்றில் வேலை செய்வதால் வரும் நோய்கள். அந்த வரியில் இருக்கும் நோய் அந்த மாதிரி வேலை செய்பவனுக்கு வந்தால், அதை வேலையில் நேர்ந்த விபத்துக் காயமாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொண்டது. தேதி கேட்கவில்லை. எங்களுக்கு அந்தச் சட்டம் நேராகப் பொருந்தாது என்பதும் தெரியும், ஏனென்றால் அதற்கு ஒரு முதலாளி வேண்டும். வியாபாரி முன்பணம் கொடுக்கிறார், சங்கை வாங்குகிறார், "நான் யாரையும் வேலைக்கு வைக்கலையே" என்கிறார். எங்கள் கடலில் எடுத்த சங்கு வங்காளத்தில் கல்யாணப் பெண்ணின் கையில் வளையலாக ஏறுகிறது. நடுவில் எத்தனையோ பேர் கை மாறுகிறது, அதில் ஒருவர்கூட எங்களுக்கு முதலாளி இல்லை. அதனால்தான் மீனவன் என்ற அடையாள அட்டையோடு உங்களிடம் வந்தோம். முதலாளி உள்ளவனுக்கு விபத்து என்று சட்டம் ஒப்புக்கொண்டது, முதலாளி இல்லாதவனுக்கு மட்டும் எப்படி வெறும் நோய் ஆகும்?

கம்ப்ரசரே ஆபத்து, அதை நிறுத்துங்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். சொல்லுங்கள், நான் எதிர்க்கவில்லை. என் மகனை அந்த டியூபைத் தொட விடமாட்டேன். ஆனால் ஒரு தாளில் தடை என்று எழுதினால் பகலில் இறங்குபவன் இரவில் இறங்குவான். அவ்வளவுதான் நடக்கும்.

நாங்கள் கேட்பது இவை.

எங்கள் ஐந்து மனுக்களையும் திரும்ப எடுத்து, உறையைத் திறந்து, எலும்பு மருத்துவர் ஒருவர் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்லவேண்டும். மத்திய அரசின் மீனவர் விபத்துக் காப்பீட்டில் நிரந்தர முழு ஊனத்துக்கு 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம் என்று இருக்கிறது. அழுத்தக் காற்றால் செத்த எலும்பும் அந்த ஊனத்தில் அடங்கும் என்று மேலிடத்துக்குப் பரிந்துரை அனுப்புங்கள். அதுவரை, உங்கள் படிவத்தில் "விபத்து நடந்த நாள்" என்ற கட்டத்துக்குக் கீழே "அல்லது தொழில் செய்த காலம்" என்று ஒரு வரி சேருங்கள். அச்சடிக்க ஆகும் செலவை வேண்டுமானால் நாங்கள் வசூல் பண்ணித் தருகிறோம்.

அப்புறம், சுகாதாரத் துறையிடம் பேசி, மண்டபத்திலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் கரையோர ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். கவட்டை, தொடை, முழங்கால், தோள் என்று வலியோடு வரும் ஆளிடம் முதலில் தொழிலைக் கேட்கவேண்டும். குளியாளி என்றால் இடுப்பைச் சுழற்றிப் பார்க்கவேண்டும், இரண்டு இடுப்புக்கும் எம்.ஆர்.ஐ. எழுதவேண்டும், காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு ஊசி போடக்கூடாது. அந்த ஸ்கேன் இலவசமாக இருக்கவேண்டும், போய்வர பஸ் காசும் வேண்டும். மாவட்டத்துக்கு 2022-இல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது, இனி இதற்கு மதுரைக்குப் போகிற நிலைமை வேண்டாம். இப்போது வலியே இல்லாமல் குளித்துக்கொண்டிருக்கும் பையன்களையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். என் வலது இடுப்பைப்போல் அவர்களில் யாருக்கு எந்தக் கறுப்புக் கோடு இருக்கிறதோ.

குளிப்பதற்குப் பயிற்சி வேண்டும். எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு நேரம், ஏறும்போது எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நிற்பது என்று தமிழில் எழுதிய ஒரு பலகை ஒவ்வொரு வள்ளத்திலும் இருக்கவேண்டும். இறங்கும் கயிற்றில் நிற்கவேண்டிய ஆழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டால் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்.

கடைசியாக ஒன்று. உங்கள் அலுவலகம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. எங்கள் ஐந்து பேரில் மூன்று பேரால் அந்தப் படி ஏற முடியாது. போன தடவை மனுக்களை மேலே கொண்டுவந்தது என் பன்னிரண்டு வயது மகன். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து பேரும் அதே ஐந்து உறைகளோடு கீழே வேப்பமரத்தடியில் இருப்போம். யாராவது ஒருவர் இறங்கி வந்து வாங்கிக்கொண்டு, வாங்கியதற்குத் தேதி போட்டு ரசீது தரவேண்டும்.

இப்படிக்கு,
திருப்பி அனுப்பப்பட்ட ஐந்து மனுக்களில் முதல் மனுக்காரன்